பிடரி எலும்பில் ஸ்க்ரூவுக்கு இடம் பார்ப்பது

தேங்காய்ச் சிரட்டையை எந்தப் பக்கம் துளைத்தாலும் கனம் ஏறக்குறைய ஒன்றுதான். மண்டையோட்டையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், பின்னந்தலையின் நடுவில் கைவைத்துத் தடவினால் தட்டுப்படும் மேட்டில் ஆண்களுக்கு 11 முதல் 15 மில்லிமீட்டர் வரை கனம் இருக்கும். பெண்களுக்கு 10 முதல் 12 வரை. அதே எலும்பின் கீழ்ப் பக்கவாட்டில், சிறுமூளை அமர்ந்திருக்கும் குழிவைப் பாருங்கள். உலர்ந்த மண்டையோட்டை விளக்குக்கு நேரே பிடித்தால் அங்கே வெளிச்சம் தெரியும். ஒரே எலும்பு, ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஒரு இடத்தில் ஸ்க்ரூ மரத்தில் அடித்த ஆணி மாதிரி நிற்கும். இன்னொரு இடத்தில் காகிதத்தில் குத்திய ஊசிதான்.

தலையையும் கழுத்தையும் உலோகத்தால் பூட்டும் அறுவைச் சிகிச்சையில் சிக்கலே இங்குதான் ஆரம்பிக்கிறது. மெலிந்த இடத்தை விட்டுக் கெட்டியான இடத்துக்குப் போனால் போதுமே என்று தோன்றும். ஆனால் இந்தப் பகுதியில் பிடிப்பு நன்றாக இருக்கும் இடம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு ரத்தக்குழாயையோ நரம்பையோ முதுகில் சுமந்துகொண்டிருக்கிறது.

குமரி மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்கு நேரடிக் காரணம் இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் தென்னையும் பனையும் ஏறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலில் மாட்டி ஏறும் திளாப்புக் கயிறு நழுவினாலோ, மழைக்காலத்துப் பாசியில் கால் வழுக்கினாலோ தலை முதலில் தரையைத் தொடும்படி விழுவதற்கு வாய்ப்பு அதிகம். இருசக்கர வாகன விபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவை தவிர, பிறவியிலேயே முதல் இரண்டு கழுத்தெலும்புகள் சரியாகப் பொருந்தாதவர்கள், முடக்குவாதத்தால் அங்குள்ள தசைநார் அரிக்கப்பட்டவர்கள், அதே இடத்தில் காசநோய் வந்தவர்கள் என்று நம் நாட்டில் இந்தச் சிகிச்சை தேவைப்படுபவர்கள் பலர்.

முதலில் மூட்டைப் பார்ப்போம். பிடரி எலும்பின் அடியில் பெருந்துளை இருக்கிறது; மூளையின் முகுளம் அதன் வழியாக இறங்கித் தண்டுவடமாகிறது. பெருந்துளையின் இரு ஓரத்திலும் ஆடும் நாற்காலியின் வளைந்த கால் போல இரண்டு குமிழ்கள். அவை அட்லஸ் எனப்படும் முதல் கழுத்தெலும்பின் இரண்டு கிண்ணங்களில் உட்காருகின்றன. 'ஆமாம்' என்று தலையாட்டும் அசைவுக்கு இந்த மூட்டுதான் பெரிதும் உதவுகிறது. அட்லஸுக்கு அடியில் ஆக்சிஸ் எனப்படும் இரண்டாவது எலும்பு, அதன் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பல். அந்தப் பல்லைச் சுற்றித்தான் அட்லஸ் சுழல்கிறது. கழுத்தைத் திருப்புவதில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு மூட்டில் நடக்கிறது. இந்த இரண்டு மூட்டுகளுக்கு இடையிலும் வட்டு கிடையாது. பூட்டுப்போல் கவ்வும் எலும்பு அமைப்பும் இல்லை. தசைநார்களே எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கின்றன. அவை அறுந்தால் எலும்பு ஒன்றும் உடையாமலேயே தலை நிலை தவறும்.

இந்த ஊர் வர்ம ஆசான்மார் சொல்லும் 108 வர்மங்களில் பிடரியைச் சுற்றியுள்ள இடங்களுக்கு இருக்கும் அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. மேலே பெருந்துளை, உள்ளே முகுளம், இரு பக்கமும் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனிகள். விழுந்த பிறகு கழுத்து வலிக்கிறது என்றால் சுளுக்கு எடுப்பதோ, தலையைப் பிடித்துச் சொடுக்குவதோ படம் எடுத்துப் பார்க்கும் வரை கூடவே கூடாது.

அறுவைச் சிகிச்சையில் எந்த ஸ்க்ரூ எங்கே என்பது மேசையில் முடிவாவதில்லை, சி.டி. ஸ்கேனில் முடிவாகிறது. ஸ்கேனின் வெட்டுத் துண்டுகள் 1 மில்லிமீட்டரோ அதற்கும் மெல்லியதாகவோ இருக்க வேண்டும். நெடுக்குவெட்டு, குறுக்குவெட்டு, முன்பின் வெட்டு என மூன்று கோணத்திலும் பார்க்க வேண்டும். கூடவே ரத்தக்குழாய்க்கு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ. இந்தப் படங்களில் பார்க்க வேண்டிய அளவுகளில் சிலவற்றை அறுவை மருத்துவர்கள் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். அட்லஸின் முன்வளைவுக்கும் பல்லுக்கும் இடைவெளி பெரியவர்களில் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் தசைநார் தளர்ந்திருக்கிறது என்று பொருள். குழந்தைகளில் 5 வரை விடலாம். பெருந்துளையின் முன்விளிம்புக்கும் பல்லின் நுனிக்கும் உள்ள தூரம் எக்ஸ்ரேயில் 12 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தலையே கழுத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று தேட வேண்டும். கடின அண்ணத்தின் பின்முனையையும் பெருந்துளையின் பின்விளிம்பையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால், பல்லின் நுனி அதற்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி நின்றால் அது மண்டைக்குள் புகுந்திருக்கிறது.

நடைமுறையில் ஒன்று. இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ அனுப்பும்போது பிலிமைச் செல்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள். எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க அது உதவும். அரை மில்லிமீட்டர் அளக்க உதவாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் முழுத் தகவலையும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

இனி பிடரி எலும்பு. பனையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வெளியே கறுத்த வைரம், உள்ளே மெத்தென்ற சோறு. ஆணி நிற்பது வைரத்தில்தான். பிடரி எலும்பிலும் வெளி அடுக்கு மொத்தக் கனத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நடுவில் கிட்டத்தட்ட அதே அளவு பஞ்சு போன்ற எலும்பு. உள் அடுக்கு பத்தில் ஒரு பங்குதான், மெல்லியது. ஸ்க்ரூ இரண்டு அடுக்கையும் கடித்தால் ஒரு அடுக்கை மட்டும் கடிப்பதைவிடப் பிடுங்கும் விசையை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தாங்கும். ஆனால் நடுமேட்டில் மட்டும் ஒரு அடுக்கைக் கடித்த ஸ்க்ரூவே, வேறு இடத்தில் இரண்டு அடுக்கைக் கடித்ததற்குச் சமமாக நிற்கும். வெளிக்கனம் அவ்வளவு.

அப்படியானால் எல்லா ஸ்க்ரூவையும் மேட்டிலேயே இறக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். அந்த மேட்டுக்கு நேர் உள்ளே மூளையின் பெரிய சிரைக்குழாய்கள் ஒன்றுகூடும் சந்திப்பு இருக்கிறது. மேட்டிலிருந்து இரு பக்கமும் வளைந்து போகும் வரம்பு, அதாவது கழுத்துத் தசைகள் ஒட்டும் மேல்கோடு, உள்ளே குறுக்குச் சிரை ஓடும் பாதையை ஏறத்தாழ அடையாளம் காட்டுகிறது. எனவே ஸ்க்ரூக்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். கீழே இறங்க இறங்க எலும்பு மெலியும். 8 மில்லிமீட்டர் ஸ்க்ரூ தாங்கக்கூடிய பகுதியை வரைந்தால் தலைகீழ் முக்கோணம் வரும்: மேட்டின் மட்டத்தில் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர், 1 சென்டிமீட்டர் கீழே வந்தால் பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் கீழே வந்தால் அரை சென்டிமீட்டர்தான். ஆகவேதான் ஸ்க்ரூக்கள் ஏறும் உலோகத் தகடுகளான இன்றைய பிளேட்டுகள் பெரும்பாலும் நடுக்கோட்டில், எலும்பின் முதுகெலும்பு போன்ற கெட்டி வரம்பின் மீது அமர்கின்றன. முன்பு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிளேட் வைத்தபோது ஸ்க்ரூக்கள் மெலிந்த இடத்துக்கே போயின.

துளைக்கும் முறை பொறுமையைச் சோதிக்கும். நடுக்கோட்டில் கீறி, இரத்தம் குறைவாகப் போகும் தசைநார் பிளவு வழியாக எலும்பை அடைந்து, பிளேட்டை எலும்பின் வளைவுக்கு ஏற்ப ஒரே முறை வளைப்பது நல்லது. திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் உலோகம் களைத்து அங்கேயே உடையும். டிரில்லில் ஆழத் தடை வைத்து முதலில் 6 மில்லிமீட்டர் துளைக்க வேண்டும். நுனி உருண்ட கம்பியால் அடியைத் தொட்டுப் பார்த்து, எலும்பு தட்டினால் தடையை 2 மில்லிமீட்டர் கூட்டி மறுபடி துளைக்க வேண்டும். இப்படி 2, 2 ஆக. சி.டி.யில் 11 மில்லிமீட்டர் என்று அளந்திருக்கிறோமே என்று ஒரே அழுத்தில் போனால், டிரில் சற்றுச் சாய்ந்ததும் அளவு மாறிவிடும். அடுத்தது மரை வெட்டுவது. இடுப்புப் பக்க எலும்புகளில் மரை வெட்டாமலும் ஸ்க்ரூ ஏறும். பிடரியில் ஏறாது, பாதியில் சிக்கி ஸ்க்ரூவின் தலை முறியும். ஒவ்வொரு துளைக்கும் வெட்டித்தான் ஆக வேண்டும். ஸ்க்ரூ 4 அல்லது 4.5 மில்லிமீட்டர் தடிமன், நீளம் 8 முதல் 14 வரை. வழுக்கிவிட்டால் காப்பாற்ற 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்று தட்டில் தயாராக இருக்க வேண்டும்.

துளை வழியாகத் தெளிநீர் வந்தால் டிரில் மூளையுறையைக் கிழித்திருக்கிறது. கறுத்த ரத்தம் பொங்கினால் சிரை. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: துளையைத் திறந்தே வைத்துக்கொண்டு தேடாமல், அந்த ஸ்க்ரூவையே இறக்கி அடைப்பது. சிரை ரத்தத்துக்குத் துளை வாயில் எலும்பு மெழுகையும் வைப்பார்கள்.

பிடரி எலும்பின் பின்பகுதியே முன்பொரு சிகிச்சையில் வெட்டி எடுக்கப்பட்டிருந்தால் பிளேட் வைக்க இடமில்லை. அப்போது குமிழுக்குள்ளேயே ஸ்க்ரூ போடும் வழி இருக்கிறது. குமிழ் கெட்டியான எலும்பு. ஆனால் இந்த வழியைப் பற்றிப் பேசும்போதே குரல் தணிந்துவிட வேண்டும். குமிழுக்கு மேலே, பின்னிருந்து முன்னுக்கும் உள்ளிருந்து வெளிக்கும் ஏறத்தாழ 45 பாகையில் சாய்ந்து ஓடும் ஒரு சிறு குழாயில் நாக்கை அசைக்கும் நரம்பு போகிறது. வெளிப்பக்கம், முன்பாதியை ஒட்டி, கழுத்துச் சிரையின் துளை. பின்னால் ஒரு பள்ளம். அதில் ஒரு சிரை. கீழே, அட்லஸின் வளைவின் மேல் படுத்துக்கிடக்கும் முதுகெலும்புத் தமனி. ஒரு சிறு அறைக்கு நான்கு வாசலிலும் காவல்.

தொடக்கப் புள்ளி குமிழின் பின்-உள் விளிம்பிலிருந்து 4 முதல் 5 மில்லிமீட்டர் வெளியே, மூட்டுக்கோட்டிலிருந்து 1 அல்லது 2 மில்லிமீட்டர் மேலே. திசை உள்நோக்கி 12 முதல் 22 பாகை, மேல்நோக்கி 5 பாகை. அதற்கு மேல் தூக்கினால் நாக்கு நரம்பின் குழாயில் போய் நிற்கும், தாழ்த்தினால் மூட்டுக்குள். 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, எலும்புக்குள் 20 முதல் 24 மில்லிமீட்டர். வெளியே மரையில்லாத 10 முதல் 12 மில்லிமீட்டர் தண்டு, ஸ்க்ரூக்களை இணைக்கும் ராடு, அதாவது உலோகக் கம்பி, மற்ற ஸ்க்ரூக்களோடு ஒரே மட்டத்தில் வரவும், அடியில் போகும் தமனியை உரசாமல் இருக்கவும். குமிழின் உயரம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இந்த வழியை மறந்துவிட வேண்டும். நாக்கில் மின்முனை வைத்து நரம்பைக் கண்காணிக்கலாம். கண்விழித்ததும் நாக்கை நீட்டச் சொல்வது அதைவிடச் சுலபம்: நரம்பு கெட்ட பக்கத்தை நோக்கி நாக்கு சாயும். இரண்டு பக்கமும் கெட்டால் விழுங்கவும் பேசவும் முடியாது. அதனால் ஒரு பக்கத்தில் சந்தேகம் வந்தால் மறுபக்கம் தொடக்கூடாது. பிளேட்டுக்கு இடம் இருக்கும்போது குமிழ் ஸ்க்ரூவைத் தேடிப் போவது தேவையற்ற துணிச்சல் என்றே சொல்வேன்.

அட்லஸ், ஆக்சிஸ் இரண்டையும் தனித்தனி ஸ்க்ரூவால் பிடித்து ராடால் இணைக்கும் முறைக்கு நம் நாட்டில் ஒரு பெருமை இருக்கிறது. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1994இல் பிளேட்டும் ஸ்க்ரூவும் கொண்டு இதை வெளியிட்டார். ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001இல் தன் தலைப்பகுதி மட்டும் சுழலும் ஸ்க்ரூவும் ராடுமாக மாற்றி வெளியிட்டபின் உலகெங்கும் பரவியது. அதற்கு முன் கம்பி கட்டுவது வழக்கம். அதற்கும் முன், 1927இல், ஃபோர்ஸ்டர் என்ற மருத்துவர் காலின் எலும்பையே தலைக்கும் கழுத்துக்கும் இடையில் தாங்குகோலாக வைத்தார்.

அட்லஸின் பக்கத்திரள் நல்ல கெட்டி. அதை அடையும் வழி மோசம். பின்வளைவின் மேல்புறத்தில் தமனி பள்ளமிட்டுப் படுத்திருக்கிறது. வளைவின் பின்புறத்தில் நடுக்கோட்டிலிருந்து 12 மில்லிமீட்டருக்கு மேல், மேல்விளிம்பில் 8 மில்லிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் உரிக்கக்கூடாது என்பது பழகிய எல்லை. சிலருக்குத் தமனியின் மேல் எலும்புப் பாலம் ஒன்று வளைந்திருக்கும். பாலத்தைத் தடித்த பின்வளைவு என்று எண்ணி அதில் துளையிட்டால் நேராகத் தமனிக்குள். எனவே வளைவுக்குக் கீழே, அது பக்கத்திரளோடு சேரும் இடத்தில் இறங்க வேண்டும். அங்கே இரண்டாவது கழுத்து நரம்பின் முடிச்சும் அதைச் சுற்றிய சிரைப்பின்னலும் வழியை மறிக்கும். பின்னலிலிருந்து ரத்தம் ஊறும்போது மின்கருவியால் சுட்டுக்கொண்டே போவதைவிட ஜெல் பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பது மேல். கோயல் முறையில் அந்த நரம்பு முடிச்சையே வெட்டிவிடுவார்கள். பின்னந்தலையில் மரமரப்பு வரும், அதற்குப் பழகிக்கொள்ளலாம். நரம்பை விட்டுவைத்தால் மரையில்லாத 8 மில்லிமீட்டர் தண்டு கொண்ட ஸ்க்ரூ வேண்டும், மரை நரம்பை அராவாமல் இருக்க. முன்பக்கம் அட்லஸைத் துளைத்து வெளியே வந்தால் மூளைக்குப் போகும் உள்கழுத்துத் தமனி காத்திருக்கிறது.

ஆக்சிஸில் கேள்வி ஒன்றே: தமனி எவ்வளவு உயரத்தில் வளைகிறது? சிலருக்கு அது எலும்பை அடியிலிருந்து குடைந்து மேலே ஏறியிருக்கும். மூட்டுக்கும் தமனிப் பள்ளத்துக்கும் இடையில் மிஞ்சும் எலும்பு 5 மில்லிமீட்டரோ குறைவோ இருக்கும். எலும்பின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் காம்பின் அகலம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ சுவரைக் கிழிக்காமல் போக முடியாது. அப்போது தமனிக்கு முன்பே நிற்கும் 14 முதல் 16 மில்லிமீட்டர் குட்டை ஸ்க்ரூ போடலாம். அல்லது 2004இல் ரைட் என்ற அறுவை மருத்துவர் சொன்னபடி, பின்னால் உள்ள தகட்டெலும்பில் குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக, இரு பக்கத்திலிருந்தும் இறக்கலாம். தமனிப் பக்கமே போகாத வழி அது. ராடோடு இணைப்பதுதான் சற்றுக் கோணலாக வரும். பிறவிக் குறையில் அட்லஸ் பிடரியோடு ஒட்டியிருப்பவர்களுக்குத் தமனி பழகிய இடத்திலேயே இருக்காது. சிலருக்கு அட்லஸின் வளைவுக்கு அடியில், நாம் ஸ்க்ரூ இறக்க நினைத்த அதே இடத்தைக் கடந்து போகும். ஆஞ்சியோ இல்லாமல் இவர்களைத் தொடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பது.

தமனி கிழிந்தால் பிரகாசமான ரத்தம் துடிப்போடு பீறிடும். ஸ்க்ரூவை இறக்கி அடைத்து, மறுபக்கத் துளையைக் கைவிட்டு, முடித்தவுடன் ஆஞ்சியோவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு தமனி போனாலும் மற்றொன்று பெரும்பாலும் தாங்கும். இரண்டும் போனால் தாங்க எதுவும் இல்லை. ஆகவே எந்தப் பக்கத் தமனி பெரியது என்று முன்பே பார்த்து வைத்து, சிறியது உள்ள பக்கத்தில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

தலையைப் பிடித்து நிறுத்தும் ஊசிகளுக்கும் இதே விதி. தலையைச் சுற்றி மாட்டும் ஹேலோ வளையத்தின் முன் ஊசிகள் புருவத்தின் வெளி மூன்றில் ஒரு பங்குக்கு மேலே 1 சென்டிமீட்டரில். உள்ளே நகர்ந்தால் நெற்றி நரம்பு, வெளியே நகர்ந்தால் மெலிந்த பொட்டெலும்பு. பெரியவர்களுக்கு முறுக்கு 0.9 நியூட்டன் மீட்டர். ஒன்றிரண்டு நாள் கழித்து ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும்.

ஸ்க்ரூ எல்லாம் சரியாக உட்கார்ந்தும் ஒரு தவறு மிஞ்சலாம்: தலையைப் பூட்டிய கோணம். பிடரியோடு சேர்த்துப் பூட்டும்போது முகம் சற்றுக் குனிந்த நிலையில் நின்றுவிட்டால் தொண்டையின் பாதை குறுகும். சோறு இறங்காது, சிலருக்குச் சுவாசத்துக்காக வைத்த குழாயை எடுத்ததும் மூச்சுத் திணறும். அதிகம் நிமிர்த்தினால் காலடி தெரியாமல் மாடிப்படியில் இறங்க வேண்டியிருக்கும். ராடை இறுக்குவதற்கு முன் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, படுப்பதற்கு முன் நோயாளி நேராகப் பார்த்தபோது இருந்த கோணத்தோடு ஒப்பிட வேண்டும். இறுக்கிய பின் வருந்தி அவிழ்ப்பதற்குப் பதில் இந்த ஐந்து நிமிடம்.

உலோகம் தற்காலிகம்தான். இடுப்பிலிருந்து எடுத்து வைத்த எலும்பு கூடி ஒட்டும் வரைதான் அது சுமக்கும்; மூன்று முதல் ஆறு மாதம். ஒட்டாவிட்டால் எவ்வளவு நல்ல ஸ்க்ரூவும் தளரும், ராடு முறியும். புகைப்பது ஒட்டுவதைத் தடுக்கும். பீடியை விடச் சொன்னால் அது நுரையீரலுக்காக மட்டும் சொன்னதில்லை.

இவ்வளவும் மருத்துவமனைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தவருக்கு. மரத்தடியில் கிடப்பவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதுதான் நம் வழக்கம்; நிலை தவறிய மூட்டைத் தண்டுவடத்தின் மேல் தள்ளுவதும் அதுவே. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கையாலும் தலையை உடம்புக்கு நேராகப் பிடித்து, அசையாமல் இருக்க வேண்டும். மூன்று பேர் தோள், இடுப்பு, கால் என்று பிடித்து, தலைமாட்டுக்காரர் சொல்லும் எண்ணிக்கையில், மரக்கட்டையைப் புரட்டுவது போல ஒன்றாகப் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். தோர்த்தை, அதாவது துண்டை, சுருட்டித் தலையின் இரு பக்கமும் முட்டுக்கொடுத்து, நெற்றிக்கு மேல் கட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை அந்தக் கையை எடுக்கக்கூடாது.

முதல் இரண்டு எலும்பையும் பூட்டியவருக்குக் கழுத்துத் திருப்பலில் பாதி போய்விடும். பிடரியோடு சேர்த்துப் பூட்டினால் தலையாட்டலும் போகும். அண்ணாந்து பார்க்க முடியாதவர் குலையைப் பார்த்து வெட்ட முடியாது. மரமேறும் வேலைக்குத் திரும்ப முடியாது என்பதைச் சிகிச்சைக்கு முன்பே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். பைக் ஓட்ட மருத்துவர் அனுமதித்த பிறகு, இரண்டு பக்கக் கண்ணாடியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கட்டும். பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்க்க இனித் தோளோடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும்.